காலி வண்டி எடை

காவேரிப்பட்டணம் எடைமேடையில்
பதினோரு வருடமாகச் சீட்டு கிழிக்கிறேன்.
பாரத்தோடு ஒரு தடவை, காலியாக ஒரு தடவை.
கழித்தால் மாங்காய்.

கூழ் ஆலை முகாமில்
எடையை உயரத்தால் இருமுறை வகுத்தார்கள்.
எனக்கு இருபத்திரண்டு. சரியாம்.
லோடு ஏற்றும் வேடியப்பனுக்கு இருபத்தெட்டு.
‘சோத்தைக் குறைங்க.’
சிரித்தான்.
மத்தியானம் பாதியில் கை கழுவினான்.

மறுவாரம் வேறு மெஷின்.
வெறுங்காலில் ஏறி, கைப்பிடி பிடித்து நின்றோம்.
உறைக்காத கரண்ட் ஒன்று
தசையின் ஈரத்தில் ஓடுமாம்,
கொழுப்பில் தயங்குமாம்.

வேடியப்பனுக்குள் நிற்காமல் ஓடியிருக்கிறது.
எனக்குள்தான்
தொப்பூர் ஏற்றத்து லாரி மாதிரி.
முப்பத்தொரு சதவீதம்!
குச்சிக் கை, குச்சிக் கால்,
நாற்காலியில் உட்கார்ந்தே ஏற்றிய சரக்கு.

‘இதாவது நிஜமாம்மா?’
‘தண்ணி குடிச்சிட்டு ஏறினா கொஞ்சம் மாறும் சார்.’
நம்ம மேடையும் மழைக்கு அப்படித்தான்.

ராத்திரி வண்டி இல்லாத நேரம்
மேடையில் தனியே நின்று எட்டிப் பார்த்தேன்.
அறுபது.
அதற்குப் பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும்.

சீட்டில் மொத்தம் எழுதினேன்.
‘காலி’ என்ற கட்டத்துக்கு
என்னிடம் எதுவும் இல்லை.

ரோட்டிலிருந்து ஹார்ன்.
இறங்கிக்கொண்டேன்.
வேடியப்பன் தூக்குவாளியோடு வந்தான்,
முழுசாக நிரப்பி.