செல்லும்

பெரம்பூர் கிளை, மூன்றாம் கவுண்டர்.
ஒன்பது வருடமாகக் கையெழுத்துகளைப் பார்ப்பதுதான் வேலை:
சுழி விட்டுப்போனவை, கால் நீண்டுபோனவை,
பக்கவாதத்துக்குப் பின் படியேறத் திணறுபவை.
ஒத்துப்போகாத காசோலையைத் திருப்பிவிடுவேன்.
யார்மீதும் கோபமில்லை. விதி அப்படி.

டாக்டர் ஹெப்சிபா
போன பிரசவத்தின் கோப்பை என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.
இருபத்தொரு மணிநேர வலி.
ஏழு சென்டிமீட்டரில் நின்றுபோன வாய்.
எழுபதுக்கு இறங்கிய குழந்தையின் துடிப்பு.
மூன்று பை ரத்தம்.
கடைசிப் பக்கத்தில், 'சம்மதிக்கிறேன்' என்பதற்குக் கீழே
மையில் விழுந்த எறும்பொன்று
எழுந்து ஓடியிருந்தது.
அது என் பெயராம்.

கவுண்டரில் வந்திருந்தால்
திருப்பியிருப்பேன்.

"இந்த முறை ரெண்டு வழி இருக்கு, மாதங்கி."
வலி வரட்டும் என்று காத்திருக்கலாம்;
இருநூறு பேரில் ஒருத்திக்குப் பழைய தையல் பிரியலாம்.
தேதி குறித்து அதே கோட்டில் திறக்கலாம்;
அதிலும் ரத்தம் உண்டு, தொற்று உண்டு,
உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிப்போவதும் உண்டு.
எதையும் அவர் ஒளிக்கவில்லை.
எந்தப் பக்கமும் தள்ளவில்லை.
பேனாவை மட்டும் மூடி வைத்தார்.

மறுநாள், எட்டே முக்கால் ரயிலில்
பெண்கள் பெட்டியை எண்ணினேன்.
பூக்கூடைக்காரி, நர்சிங் மாணவிகள்,
நின்றபடியே இட்லி தின்னும் ஒருத்தி.
இருநூறுக்குக் கொஞ்சம் குறைவு.
வில்லிவாக்கத்தில் ஏறியவர்களோடு சரியாகிவிட்டது.
யாருடைய தையல்?

ஷகிலா பானு டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே சொன்னாள்:
"எனக்கு ரெண்டாவது நார்மல்தான்.
அரை மணியில உக்காந்து டீ குடிச்சேன்."
நார்மல்.
எல்லாரும் அதைக் கோப்பை மாதிரி தூக்கிக் காட்டுகிறார்கள்.
தூரிகாவைப் பெற்ற நான்
ஆறுதல் பரிசு வாங்கியவள் போல
ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

மைத்துனர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்:
கார்த்திகை பன்னிரண்டு, ரோகிணி,
காலை பத்து நாற்பதிலிருந்து பதினொன்று இருபதுக்குள்.
கூடவே கைகூப்பிய படம் ஒன்று.
நான் பார்த்ததற்கு நீலக் குறி விழுந்தது.
பதிலாக அதையே வைத்துக்கொள்ளட்டும்.

பரிதி ஒன்றும் சொல்லவில்லை.
ரத்தப்பையை மார்போடு அணைத்து
மாடிப்படியில் ஓடியவன் அவன்.
அந்தக் குளிர் இன்னும் சட்டைக்குள் இருக்கிறதாம்.
நள்ளிரவில், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு:
"எது வேணா செய். நீ மட்டும் திரும்பி வா."

தூரிகாவுக்கு நாலு வயது.
நான் படுத்திருந்தால்
தழும்பின்மேல் பொம்மை ரயிலை ஓட்டுவாள்.
"பட்டரவாக்கம். கொரட்டூர். வில்லிவாக்கம்."
தடித்துப்போன இடத்தில் நிறுத்தி
"சிக்னல்" என்பாள்.
எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டால்
உதட்டைப் பிதுக்குவாள்.

நவம்பர் கடைசி வாரம்.
ஏரி வழிந்தால் எங்கள் தெருவுக்கு ஆட்டோ வராது.
அதையும் கணக்கில் எடுத்தேன்.
புரசைவாக்கத்தில் சித்தி மகள் வீட்டில் ஓர் அறை,
அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிடம்.

படிவத்தை வீட்டுக்குக் கேட்டு வாங்கி வந்தேன்.
அடிக்கோல் வைத்து, வரி வரியாக,
ஒரு வார்த்தைக்கு இரண்டு முறை போன் செய்து.
ஓரத்தில் என் கையால் எழுதினேன்:
வலிக்காகக் காத்திருப்பேன், நாற்பது வாரம் முடியும்வரை.
தியேட்டர் தயாராக இருக்கட்டும்.
துடிப்பு இறங்கினால் வெட்டுங்கள், தயங்க வேண்டாம்.
ஆனால் முதலில் என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.
எந்த வழியாக வந்தாலும்
துடைப்பதற்கு முன்பே என் மார்பில் போடுங்கள்,
அது அழுதால்.

இதில் எத்தனை நடக்கும், தெரியாது.
டாக்டரும் தெரியாது என்றுதான் சொன்னார்.
அதனால்தான் அவரை நம்புகிறேன்.

கீழே பெயரை எழுதினேன்.
வங்கி அட்டையில் உள்ளதோடு வைத்துப் பார்த்தேன்.
'தங்'கில் அழுத்தம் அதிகம்.
'கி'யின் சுழி கொஞ்சம் நடுங்குகிறது.

செல்லும்.