அரை ராணி

மூன்றாம் மாடியில் என் வேலை
பூஞ்சை பிடித்த தாள்களை உலர்த்துவது.
ஜன்னலுக்குக் கீழே பள்ளி முற்றம்.
பத்தேகால் மணிக்கு, மழை இல்லையென்றால்,
சிறுமிகள் உள்ளங்கை தட்டிப் பாடுவார்கள்:

அரை ராணி, அரை ராணி, அம்மா வீடு எங்கே?
சுவருக்குள்ளே சுற்றுகிற தொட்டில் ஒன்று அங்கே.
மணியடிச்சா மறந்துவிடு, மழையடிச்சா உறங்கு,
மீதி ராணி வந்து தொட்டால் முகம் திருப்பு இங்கே.

கடைசித் தட்டில் கை பிசகியவள்
சுவரைப் பார்த்து நிற்க வேண்டும்.
இன்னொருத்தி வந்து முதுகைத் தொடும்வரை
திரும்பக் கூடாது. அதுதான் ஆட்டம்.
நானும் நின்றிருக்கிறேன் அங்கே.
செங்கல்லில் பூத்த உப்பை
நக்கிப் பார்த்திருக்கிறேன்.

மீன்சந்தை முனையில் ரெய்னவுட்
சிவப்புக் குடை பிடித்துக் கதை விற்கிறான்.
ஸ்பானியர் ஆண்ட நாளில்
ஒரு ராணியை இடுப்போடு வெட்டினார்களாம்.
மேல்பாதி ஷெல்ட் ஆற்றில், கீழ்பாதி கோபுரத்தில்.
பன்னிரண்டு யூரோ, ஒரு பீரும் சேர்த்தி.
கைதட்டுகிறார்கள்.
தூரத்து ரத்தம் என்றால்
யாருக்கும் கொஞ்சம் வாய் ஊறும்.

இந்த ஊரில் வெட்டுப்பட்ட ராணி எவளுமில்லை.
வெட்டுப்பட்டது சீட்டு.

போன நவம்பரில் என் மேசைக்கு வந்தது
அநாதை விடுதியின் வரவுப் பேரேடு.
வரவு என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.
சுவரில் ஒரு மரப்பெட்டி,
தெருப்பக்கம் திறந்த வாய்.
வைத்துத் தள்ளினால் சுழன்று
கன்னியாஸ்திரியின் கைக்குப் போகும்.
வைத்த கை யாருடையது என்று பார்ப்பதில்லை.
ஒரு சிறு மணி, அவ்வளவுதான்.

பக்கத்துக்குப் பக்கம் குண்டூசி குத்திய
அரைச் சீட்டுகள், கோணல்மாணலாகக் கத்தரித்தவை.
மற்ற பாதி பெற்றவளின் சட்டைக்குள்.
என்றாவது காசு சேர்ந்தால்
வந்து பொருத்திக் காட்டி மீட்டுக்கொள்ளலாம்,
அடகு வைத்த நகையைப் போல.

எண் 214. பெண். ஒன்பது நாள் இருக்கலாம்.
கம்பளிக் காலுறை ஒன்று; ஜோடி இல்லை.
இஸ்பேட் ராணி, இடப்பாதி.
திங்கட்கிழமை வந்ததால்
குடும்பப் பெயரும் திங்கள்தான், அவர்கள் மொழியில்:
கோர்னேலியா மாண்டாக்.
ஓரத்தில், வேறு மையில்:
பால் குடிக்கவில்லை. பன்னிரண்டாம் நாள்.
பக்கத்தில் ஒரு சிலுவை,
எழுதியவனின் அவசரத்தில்
பெருக்கல் குறி போலச் சாய்ந்து.

நான்கு மாதம் கழித்து, அதே எண்ணின் கீழ்:
மற்ற பாதியுடன் ஒருத்தி வந்தாள். பொருந்தியது.

பொருந்தியது.
அதற்குமேல் எழுதவில்லை.
ஈரம் உறிஞ்சும் காகிதத்தை
அந்தச் சொல்லின்மேல் வைத்து
அன்று வெகுநேரம் அழுத்திக்கொண்டிருந்தேன்.

பாட்டு இதிலிருந்துதான் வந்ததா?
ஆதாரம் கேட்டால் கையை விரிப்பேன்.
பேரேட்டைவிடப் பாட்டு மூத்ததாகவும் இருக்கலாம்.
முதலில் பாடியது பெட்டியைச் சுழற்றியவளா,
சுழன்று வந்து பிழைத்துக்கொண்டவர்களா?
பிழைத்த பிள்ளைகள் ஆடாமல் இருப்பார்களா?
முற்றம் இருந்தது, சுவர் இருந்தது, கை இருந்தது.
அம்மா எங்கே என்று சும்மா கேட்டால் அடி விழும்;
தாளம் போட்டுக் கேட்டால் விளையாட்டு.

பள்ளிக்கு எழுதிப் போடு,
இந்தப் பாட்டை நிறுத்தட்டும் என்கிறாள் லுட்கார்ட்.
அவளுக்கு இரண்டு பேத்திகள்.
கடிதம் தொடங்கினேன், மரியாதைக்குரிய என்பதுவரை.

இன்று மணியடித்ததும் முற்றம் காலியாயிற்று.
மஞ்சள் மழைக்கோட்டு ஒன்று மட்டும்
சுவரைப் பார்த்தபடி.
துருப்பிடித்த கொக்கியோடு போராடி
ஜன்னலைத் திறந்து கூவினேன்:
மணியடித்துவிட்டது, உள்ளே போ!
அவள் திரும்பவில்லை.
சுவரிடம் சொல்வதுபோல் சொன்னாள்:
இன்னும் யாரும் தொடலையே.

ஐம்பத்தெட்டுப் படிகள்.
பசை காயாத கையோடு
இறங்கிக்கொண்டிருக்கிறேன்.