ஏழாவது கட்டம்

செவ்வாய்ப்பேட்டையில் கரண்ட் போய் வந்த மதியம்
மஞ்சள் பையோடு வந்தாள் பூங்காவனம்.
ஒரு சோடிக் கொலுசு, ஆதார் நகல்,
தொழில் மையத்தின் படிவம்.
பக்கத்துக்கு நாற்பது ரூபாய் என்றேன்.
எழுத்துக்கு எவ்வளவுங்க என்றாள்.

தலைப்பில் ‘புத்தாக்க விருது’ என்றிருந்தது.
“புத்து ஆக்குறதா? அது கரையானுங்க வேலை.”
அவள் சிரிக்கவில்லை. நானும்.

ஏழாவது கட்டம்:
விண்ணப்பதாரர் செய்தது என்ன? ஒரே வாக்கியத்தில்.

கொலுசை விசைப்பலகை மேல் வைத்தாள்.
பழைய கொக்கி சேலை நூலை இழுக்கும்.
இதில் அரிசியளவு ஒரு நாக்கு,
உள்பக்கமாய் மடங்கி, டிக் என்று உட்காரும்.

‘கண்டுபிடித்தேன்’ என்று அடித்தேன்.
“தொலைஞ்சதைத்தானே கண்டுபிடிப்பாங்க?
எங்க வெள்ளாட்டை மூணாம் நாள்
கஞ்சமலை அடிவாரத்துல கண்டுபிடிச்சோம்.
இது அதுக்கு முந்தி எங்கயும் இல்லீங்க.”
அழித்தேன்.

‘படைத்தேன்.’
“படைக்கறது முனியப்பனுக்கு.
இது நாக்பூர் போற சரக்கு.”

‘தோற்றுவித்தேன்’
எழுத்துக்கூட்டிப் பாதியில் நின்றாள்.
“எடுத்ததுமே தோத்தா?”

‘இயற்றினேன்’ என்பதை நானே எடுத்துவிட்டேன்.
சட்டத்தோடும் செய்யுளோடும் மட்டும் பழகும் சொல்,
பற்றாசுப் புகை பிடித்த விரல்களைத் தொடாது.
‘முன்மொழிந்தேன்’ என்றால் வழிமொழிய ஆள் வேண்டும்.
பட்டறையில் பதினொரு பேர்.
கேட்டபோது எல்லோரும் குனிந்து ஊதிக்கொண்டிருந்தார்களாம்.

‘புனைந்தேன்’ எனக்குப் பிடித்தது.
மாலைக்கும் நகைக்கும் உரிய சொல்.
ஆனால் அதிகாரியின் மேசையில் அது
புனையப்பட்ட வழக்கு ஒன்றின் பக்கத்தில் போய் நிற்கும்.
யார்யாரோடு ஊர் சுற்றியதோ
அந்த வாடை சொல்லை விட்டுப் போவதில்லை.

“அப்போ, அறிமுகப்படுத்தினேன்?”
பையிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துக் காட்டினாள்.
‘நாங்கள் அறிமுகப்படுத்தும் புதிய மாடல்’
கீழே முதலாளி, சந்தனப் பொட்டோடு.
முகம் உள்ளவர்களுக்கான சொல் அது.
இவளுடைய பொருள் கணுக்காலோடு நின்றுவிடுகிறது.
“அறிமுகம் பண்ணுனது அவர்தானுங்க” என்றாள்.
இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை.

“புகுத்தினேன் என்று போடட்டுமா?”
“புகுந்தது நான் இல்லீங்களே.”

தலைப்பை மறுபடி பார்த்தேன்.
கரையான்.
பழமொழியின் மறுபாதியை
அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.
சேர்வராயன் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.

“சரி, அன்றைக்கு என்னதான் செய்தீர்கள்?”

“என்னத்தைச் செஞ்சேன்.
ராத்திரி சோறாக்கி முடிச்சு ஒண்ணு செஞ்சு பாத்தேன்.
கால்ல போட்டுப் பாத்தேன். நடந்து பாத்தேன்.
குடத்தோட மாடிப்படி ஏறிப் பாத்தேன்.
நூலு இழுக்கல.”

பார்த்தேன், பார்த்தேன், பார்த்தேன்.
கண்ணுக்கு வேலையில்லாத பார்.
துணைவினை என்று பள்ளிக்கூடத்தில்
கடைசி பெஞ்சில் உட்கார வைத்தது.
தனக்கென்று ஒரு பொருள் கேட்காமல்
இன்னொரு வினையின் பின்னால் வந்து
ஆகுமா என்று மட்டும் கேட்டு நிற்கும்.

அடித்தேன்:
சேலை நூல் இழுக்காத கொக்கி ஒன்று செய்து பார்த்தேன்.

“தள்ளுபடி ஆகலாம்” என்றேன்.
“ஆவட்டும். பொய் இல்லைல்ல?”

எட்டாவது கட்டம், பொருளின் பெயர்.
“வாய்மூடி.”
“நீங்கள் வைத்த பெயரா?”
“இல்லீங்க. தெருவுல அப்படித்தான் சொல்றாங்க.
பாலிஷ் போடற பையனோ,
பார்சல் கட்டறவரோ.
முதலாளி வெச்ச பேரு இங்கிலீசுல.
அது பெட்டியோட சரி.”

நாற்பது ரூபாயை எண்ணி வைத்துவிட்டு
தூறலில் இறங்கிப் போனாள்,
பையைத் தலைக்குமேல் பிடித்தபடி.

அடுத்த ஆள் ரேஷன் அட்டையோடு வந்து நிற்க
நான் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தேன்:
வாய்மூடி என்று
முதலில் சொன்ன வாய் எது?
அந்த ஆளுக்கு
எந்த அலுவலகத்தில் படிவம் தருவார்கள்?