பதினேழாவது பலகை

பதுளைக் கீழ் வீதி, ரவூப் வீட்டு இறவாரத்தில்
இருபத்திரண்டு பூவெட்டுப் பலகைக்கு இடம்.
பதினேழாவது இல்லை.
அந்த இடைவெளியால்தான்
நாற்பது வருசமாய்ச் சுவர் நனைகிறது என்பார் ரவூப்.
சுமனபால பாஸ் சிரிப்பார்: அது பீலி ஓட்டை.

பதினொரு பூச்சைச் சுரண்டினோம்.
கடைசிக்கு முந்தியது
தபால் கந்தோர்க் கதவின் பச்சை.
அதற்கடியில் மரம்
நனைந்த பாண்போல் நகத்துக்கு இடங்கொடுத்தது.

காணாமற்போனதைக் கண்டது நான்:
ஹாலிஎல தாண்டி, ஏழாம் நம்பர் லயத்தில்
கோழிக்கூட்டுக் கதவாய்.
ஆறு இதழ்ப் பூ,
ஒவ்வோர் ஓட்டையிலும் ஓர் அலகு.
ஓரம் கருகியிருந்தது. ஏனென்று கேட்கவில்லை.

எழுநூறு என்றேன். இரண்டாயிரம் என்றேன்.
ஆரியமாலா தவிட்டுக் கையை உதறினாள்:
"காத்து வருது, கீரி வராது.
இந்த அளவு ஓட்டை
எந்தக் கடையில விக்கிறாங்க?"

கடதாசியை அதன்மேல் வைத்து
பென்சிலால் தேய்த்து எடுத்து வந்தேன்.
பாஸ் அறுத்த புதுப் பலகையில்
ஓர் இதழ் கட்டை,
கோழி கொத்திய இடம்.
திருத்தவா என்றார்.

ரவூப் பீலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நமுனுகுல பக்கம் இருட்டிவிட்டது.
ஏணியை நான் பிடித்தேன்.