தேல்

கடல் எங்கள் ஊருக்கு
விடியற்காலை மூன்றரை மணிக்கு
காசிமேட்டு வண்டியில் வரும்.
நீல டப்பா, தெர்மாகோல் பெட்டி, மேலே ஐஸ்.
நான் பார்த்த கடல் அவ்வளவுதான்.
காகிதப்பட்டறையிலிருந்து மார்க்கெட்டுக்கு நடந்து வந்து
பதினோரு வருஷமாக அதன் வயிற்றைக் கீறுகிறேன்.

கிலோவுக்கு முப்பது ரூபாய்.
செதில் எடுத்து, செவுள் பிடுங்கி, தலை தனி.
எந்த மீன் எதைத் தின்றுவிட்டு வந்தது என்று
அதைப் பெற்ற கடலைவிட எனக்குத் தெரியும்.
சேறு, குட்டி நண்டு, பாசி,
ஒருமுறை பிளாஸ்டிக் பொம்மையின் கை.

அன்றைக்கு மடவை.
கத்தி இறங்கியதும்
குடலிலிருந்து ஒரு வானவில் வழுக்கியது.
பெட்ரோல் பங்கில் மழைத்தண்ணீர் தேங்கினால் நெளியுமே, அது.
செவுள் சிவக்க வேண்டிய இடத்தில்
தார்.

குத்புதீன் பாய் போன் போட்டார்.
அந்தப் பக்கம் தேசப்பன்:
"கழிமுகத்துல எண்ணெ, பாய்.
இறால் குஞ்சு மொத்தமும் மெதக்குது.
நண்டு வளைய வுட்டு வெளிய வந்து
நொரை தள்ளிக்கினு நிக்குது.
கூழைக்கடா ஒண்ணு, றெக்கைய விரிக்க முடியாம
என் வலைமேலயே ஒக்காந்துகினு கீது.
வலையக் கொளுத்தத்தான் வேணும்.
இந்த லோடு வெளிக்கடல்து. ஒண்ணியும் இல்ல, வித்துடு."

வெளிக்கடலில் ஏது மடவை என்று
பாய் கேட்கவில்லை.
மஞ்சளும் கல்லுப்பும் போட்டு அலசச் சொன்னார்.
பாதி விலை.
அலசினேன். தண்ணீர் ஓடியது,
வாசனை உட்கார்ந்தே இருந்தது.

தோல் ஷாப்பு நாற்றம் எங்களுக்குப் புதிதில்லை.
பாலாற்றோரக் கிணறுகளில் மஞ்சளாக ஊறும் தண்ணீரும்.
எப்போதாவது வெள்ளம் வந்தால் ஆறு
அதையெல்லாம் கூட்டிப் பெருக்கி
கடலில் கொண்டுபோய்க் கொட்டும்.
கடலைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒன்பது மணிக்கு லாட்ஜ்காரர்கள்.
பெரிய ஆஸ்பத்திரிக்கென்று வங்காளத்திலிருந்து
ராத்திரி பகலாக ரயிலில் வந்தவர்கள்.
வாடகை அறை, ஒற்றை ஸ்டவ், கடுகெண்ணெய்.
மீன் இல்லாமல் அவர்களுக்குச் சோறு இறங்காது.
தினம் வருகிற ஒருவர், பெயர் தெரியாது,
மனைவிக்கு ஆபரேஷன் என்று
தன் சட்டைமேல் விரலால் கோடு இழுத்துக் காட்டியிருக்கிறார்.

செவுளைத் தூக்கினார். முகர்ந்தார்.
என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:
"தேல்."

தேள் என்று விழுந்தது என் காதில்.
கையை உதறிவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.
விரலைக் கைக்குட்டையில் துடைத்து
விரித்துக் காட்டினார். கறுப்பு.
பிறகு மீனை, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல
ஐஸ்மேல் வைத்துவிட்டு
உருளைக்கிழங்குக் கடைப் பக்கம் போய்விட்டார்.

மீதியை யார் வாங்கினார்கள் என்று கேட்காதீர்கள்.
மத்தியானத்துக்குள் தீர்ந்துவிட்டது.

ராத்திரி ஏகாம்பரம் ஷெட்டிலிருந்து வந்தான்.
லாரிக்கு அடியில் படுத்து எழுந்த உடம்பு.
கல்யாணமான நாளிலிருந்து
அவன் கையில் எண்ணெய், என் கையில் மீன்.
சோப்பும் தனித்தனி.
சோறு போடக் குனிந்தவளின்
மணிக்கட்டைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனான்.
"ஃபர்னஸ் ஆயில் மாரி கீது.
இன்னா வண்டி?"

"கப்பல்" என்றேன்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தான்.
அப்புறம் எழுந்து போய்
தன் சோப்பை எடுத்துவந்து நீட்டினான்.