ஓவர்

இருபத்தாறு வருடம் சிக்னல் படை.
வெள்ளிக்கிழமை வரை கர்னல் பூபாலன் கவுண்டர்.
இன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில், மூன்றாம் மாடியில்,
உள்துறையின் மாகாணத் தகவல் தொழில்நுட்பத் தலைவர்.
தள்ளுபடியில் வாங்கிய சூட், அக்குளில் பிடிக்கிறது.
லிஃப்ட் காவலர் வணக்கம் சொன்னபோது
தொப்பியில்லாத தலைக்குக் கை
பாதி தூரம் போய்த் திரும்பியது.

கதவில் 'பூபலன்' என்று எழுதியிருக்கிறது.
திருத்தச் சொன்னேன்.
'டிக்கெட் போடுங்கள், சார்,' என்றாள் தாண்டேகா.
போட்டேன்.
எனக்கு முன்னால் நாலாயிரத்துப் பதினாறு.

நேர்காணலில் ஓரத்தில் இருந்தவர் கேட்டார்:
'இங்கே ஆணையிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்,
என்ன செய்வீர்கள்?'
'அங்கேயும் கேட்டதில்லை.
சல்யூட் மட்டும் அடித்தார்கள்.'
சிரித்தது அவர் ஒருவர்தான்.
அந்தச் சிரிப்புக்குத்தான் வேலை கிடைத்தது என்று
லோகாம்பாள் இன்னும் சொல்கிறாள்.

சர்வர் அறைக்குச் சாவி இல்லை.
சாவி துலாமினியிடம், துலாமினி ஓய்வில்,
ஹோவிக் பக்கம் மீன் பிடிக்கிறாராம்.
பூட்டை உடைத்தோம்.
உள்ளே ஒரு வாளி, ஒரு மாப்பு,
பூரி மாதிரி உப்பிய பேட்டரிகள்.
எல்லா இயந்திரத்துக்கும் ஒரே கடவுச்சொல்,
சுவரில், மஞ்சள் காகிதத்தில், அழகான கையெழுத்தில்.
படையில் இதற்காக ஆளைச் சுடமாட்டார்கள்.
நினைத்துப் பார்ப்பார்கள்.

புதன்கிழமை இணைப்பு போனது.
எப்போது?
எட்டு என்றார் ஒருவர்; இல்லை, எட்டே முக்கால்.
எழுதி வைத்தது யார்?
எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

காங்கோவில், கோமாவில், எரிமலைக்கு அடியில்
ஒருமுறை நாற்பது நிமிடம் ரேடியோ செத்துக் கிடந்தது.
வெளியே ரோந்தில் ஆறு பையன்கள்.
நிமிடத்துக்கு ஒரு வரி எழுதினேன்:
பதில் இல்லை. பதில் இல்லை. பதில் இல்லை.
நாற்பத்தொன்றாம் வரியில் ஒரு குரல்,
அதுவும் சிகரெட் இருக்கிறதா என்று.
அந்த நோட்டு என்னிடம்தான் இருக்கிறது,
பின்பக்கங்கள் காலி.

அதை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.
வரிசை வாசலைத் தாண்டி, மதிலோடு வளைந்து,
வெட்கோக் விற்பவளின் அடுப்பு வரை நீண்டிருந்தது.
எப்போது வந்தீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன்.
என் ஜூலு பாசறையில் கற்றது,
நலம் விசாரித்தாலும் அதட்டலாக விழும்.
நாலரை. ஐந்து.
நேற்றும் வந்தேன், அதையும் எழுது.
ஜபுலிலே மகோபா: மகனின் இறப்புச் சான்றிதழ்,
சனிக்கிழமை அடக்கம்.
ரெய்ஸ்தார்ப்பிலிருந்து தனபாக்கியம் நாயுடு:
கணினிக் கணக்குப்படி
அவளைவிட அவள் மகளுக்கு மூன்று வயது அதிகம்.
பதினோரு நாள் குழந்தை ஒன்று, தூக்கத்தில்.
அதற்கும் ஒரு வரி.
அறுபத்துமூன்று.

ரேடியோவில் 'ஓவர்' என்றால்
முடிந்தது என்று அர்த்தமில்லை.
நான் சொல்லிவிட்டேன், இனி நீ பேசு.
இந்த மதிலோரம் முழுக்க
ஓவர் சொல்லிவிட்டு நிற்கிறார்கள்.

இரண்டு பத்துக்கு இணைப்பு வந்தது.
ஏன் வந்தது என்று யாருக்கும் தெரியாது.
எனக்கும்தான்.

இரவே அறிக்கை அனுப்பினேன்.
சதவீதம் கேட்ட இடத்தில்
அறுபத்துமூன்று பெயர், அறுபத்துமூன்று நேரம்.
காலையில் பிரிட்டோரியாவிலிருந்து பதில்:
'நன்றி, கர்னல். உரிய படிவத்தில் அனுப்பவும்.'
படிவத்தைத் திறந்தேன்.
பெயருக்குக் கட்டமே இல்லை.

ஒரு கட்டம் சேர்க்க வேண்டும் என்றேன் தாண்டேகாவிடம்.
'டிக்கெட்...' என்று தொடங்கியவள்
மேசைமேல் விரிந்திருந்த நோட்டைப் பார்த்தாள்.
புரட்டினாள். ஒரு பக்கத்தில் நின்றாள்.
பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து,
'எத்தனை எழுத்துக்கு இடம் விடட்டும்?' என்றாள்.