குறைந்தது எது

சமாதானபுரத்து மாடி வீட்டில்
மேற்குச் சன்னலோரம் தொட்டியை வைத்தது
முதல் தப்பு.
மூன்றாம் நாளே மீன் விட்டது இரண்டாவது.
ஜங்ஷன் மீன்கடை காஜா முகைதீன்
காசை எண்ணிப் பெட்டியில் போட்ட பிறகுதான்
இரண்டையும் சொன்னார்.

உவரியிலிருந்து மூன்று கேன் கடல்.
பஸ்ஸில் ஏற்றித் தந்தது மாசானமுத்து.
அந்தத் தடத்தில் கண்டக்டர்;
செவ்வாய் வியாழன் சனி
எங்கள் டயாலிசிஸ் பிரிவில் நாலாம் படுக்கை.
"கடலுக்கு அரை டிக்கெட், சிஸ்டர்"
என்று கிழித்துக் கொடுத்தார்.

நீலக் குட்டி மீன் இரண்டும்
ஐந்தாம் நாள் காலை மிதந்தன.
குழாயில் எட்டுச் சொட்டு விட்டுக் குலுக்கினால்
மஞ்சளாய் நிற்க வேண்டியது
அகத்திக்கீரைப் பச்சை.
கழிவு போக வழியில்லாத உடம்பு
எப்படி இருக்கும் என்று
எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்,
பன்னிரண்டு வருசமாக அதில்தான் சம்பளம்.
ஆனாலும் விட்டேன்.
அழகாயிருந்தன.

பிறகு ஐந்து வாரம் மீனில்லை.
பாளை மார்க்கெட் இறால் ஒன்றே ஒன்று,
உள்ளே கிடந்து அழுகட்டும் என்று போட்டது.
கண்ணுக்குத் தெரியாத எதுவோ
அந்த நாற்றத்தைத் தின்னப் பழகி
கல்லிலும் மணலிலும் குடியேற வேண்டுமாம்.
கீழ்வீட்டு டெய்சி எஸ்தர் மூக்கைப் பொத்திக்கொண்டு
"மீனே இல்லாத தொட்டிக்கு
ராப்பகலா மோட்டரா?" என்றாள்.
அந்த மாதம் கரண்டு பில்லைத் தனியாக எழுதினாள்.

மணல்மேல் பழுப்பு படிந்தது,
டீ சிந்திக் காய்ந்த மாதிரி.
தேய்த்தேன். மறுநாள் வந்தது.
தேய்த்தேன்.
விட்டுருங்க, தானாப் போவும் என்றார் காஜா.
விடுவது எனக்கு வராது.
நான் ஊரில் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை
போயிருந்தது.

சித்திரை. தண்ணீர் முப்பத்திரண்டு டிகிரி.
அப்போது கோமாளி மீன் ஒன்றும் நத்தை ஒன்றும் குடியிருந்தன.
பழைய கம்ப்யூட்டர் காற்றாடியை விளிம்பில் கட்டினேன்.
குளிர்ந்தது.
கூடவே இறங்கியது, நாளுக்கு ஒரு விரற்கடை.
மூன்றாவது கேனைத் திறந்து நிரப்பினேன்.
கடல் குறைந்தால்
கடல்தானே ஊற்ற வேண்டும்?

பிளக் பலகையில் வெள்ளை பூத்தது.
நத்தை கதவைச் சாத்திக்கொண்டது.
மீன் மூலையில் நின்று மூச்சு வாங்கியது.
முப்பத்தைந்தில் நிற்க வேண்டிய முள்
நாற்பத்தொன்றில்.

வியாழக்கிழமை மாசானமுத்து எடை மேடையில்.
மூன்று கிலோ இருநூறு கூடுதல்.
"ஒரு லிட்டர்தான் குடிச்சேன், சத்தியமா."
உதட்டோரம் ஊறுகாய் காய்ந்திருந்தது.
மீனைக் கேட்டார். சொன்னேன்.
ஊசி குத்திய கை அசையாமல் சிரித்தார்:
"எனக்குத் தண்ணி ஏறுது, அதுக்குத் தண்ணி எறங்குது.
உப்பு ரெண்டு பேர்கிட்டயும்
அங்கனயேதான கெடக்கு."

கையுறையோடு நின்றேன்.
போனது கடல் இல்லை.
வெறும் தண்ணீர், ருசிகூட இல்லாதது.
நான் ராத்திரிதோறும்
உப்பின் தலையில் உப்பை ஊற்றியிருக்கிறேன்.

ஒரேயடியாக இறக்கக் கூடாது, அது தெரியும்.
வேகமாக இழுத்தால் கெண்டைக்கால் சுருட்டும்,
பிரஷர் விழும்.
நாளுக்கு ஒரு புள்ளி.
ஆர்.ஓ. அறையிலிருந்து ஐந்து லிட்டர்,
கேட்டுத்தான் எடுத்தேன்.
கண்ணாடியில் மார்க்கரால் கோடு போட்டேன்,
அதுவரைக்கும் நல்ல தண்ணீர்.
மீன் பிழைத்தது.
நத்தை திறக்கவில்லை;
மோந்து பார்த்து எடுத்துப் போட்டேன்.

நேற்று ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்டு போனது.
பேட்டரி பம்பைத் தேடி டார்ச் அடித்தபோது
கல்லின் ஓட்டையிலிருந்து ஒரு புழு.
விரல் நீளம், பக்கமெல்லாம் ரோமம்.
நான் வாங்காதது, காஜா விற்காதது.
சாவகாசமாக வெளியே வந்து
மணலைத் தடவிப் பார்த்தது.
வெளிச்சம் பட்டதும் உள்ளே.

"நல்லதா கெட்டதா, சிஸ்டர்?"
தெரியலை என்றேன்.
செருப்பைக் கழற்றிவிட்டு
மேடையில் ஏறச் சொன்னேன்.